நோயெதிர்ப்புத் தொகுதி முதலிடத்தில் வந்தால் ஆறாம் குரோமோசோமைப் பாருங்கள்

வணக்கம். மனச்சிதைவு நோய்க்கு நீங்கள் கட்டிய மரபணு வலையமைப்பில் (எந்த மரபணுக்கள் சேர்ந்து இயங்குகின்றன என்று காட்டும் வரைபடத்தில்) நோயெதிர்ப்புத் தொகுதியே, அதாவது நோயெதிர்ப்பு மரபணுக்களின் கூட்டமே, நோயோடு மிகுதியாகத் தொடர்புடையதாக முதலில் வருகிறது, ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் பட்டியலில் எச்எல்ஏ (நோயெதிர்ப்பு மரபணுக்கள்), ஹிஸ்டோன் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களுக்கானவை) மரபணுக்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஆறாம் குரோமோசோமின் அந்தப் பகுதியில் மரபணுக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. கூட்டமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. ஒருவன் திருடினால் தெருவே குற்றவாளிக் கூண்டில் நிற்கும். அந்தக் குரோமோசோமில் 25 முதல் 34 மெகாபேஸ் (பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் ஒரு மெகாபேஸ்) வரை முழுவதையும் நீக்கிவிட்டுப் பகுப்பாய்வை மறுபடி ஓட்டுங்கள். நான் இதைச் செய்யாமல் இரண்டு மாதம் வீணடித்தவன்.

அங்கே ஒன்றுமே இல்லை என்பதல்ல. அங்கேயுள்ள சி4ஏ என்ற நோயெதிர்ப்பு மரபணு மூளையில் கூடுதலாக வெளிப்படுவதோடு நோய் ஆபத்தும் கூடுகிறது என்று 2016இல் காட்டினார்கள். ஆனால் அது ஒரு மரபணு, தொகுதி அல்ல. 76,755 நோயாளிகளை வைத்து நோயோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்களைக் கண்ட 2022 ஆய்வில் நரம்பணுக்களும் அவை சந்திக்கும் இடமான சினாப்ஸும்தான் முன்னே நின்றன.

நீக்கிய பின்னும் தொகுதி தாக்குப்பிடித்தால், வெளிப்பாட்டுத் தரவு (எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்ற அளவீடு) இறந்தவர்களின் மூளைத் திசுவிலிருந்து வந்ததா என்று பாருங்கள். அந்த அளவீட்டுக்கு ஆதாரமான ஆர்என்ஏ மூலக்கூறுகளின் சிதைவும் நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட மருந்துகளும் இதே வேடம் போடும்.