முன்னால் வந்த அப்பத்தாவுக்கு ஏன் வென்டிலேட்டர் இல்லை?

கேள்வி: 2021 மே மாதம் எங்கள் அப்பத்தாவை (வயது 76) மூச்சுத் திணறலோடு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனோம். ஐ.சி.யூ.வில் இடமில்லை என்று வார்டிலேயே ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் ஒரு வென்டிலேட்டர் காலியானது. அதை எங்களுக்குப் பின்னால் வந்த நாற்பது வயதுக்காரருக்குக் கொடுத்தார்கள். அதற்கடுத்த நாள் அப்பத்தா தவறிப்போனார். முன்னால் வந்தவருக்குத்தானே முதலில்? வயதானவர் என்றால் விட்டுவிடுவார்களா? அப்பாவும் அம்மாவும் எழுபதைத் தாண்டி ஊரில் தனியாக இருக்கிறார்கள், நான் சிங்கப்பூரில். இன்னொரு தொற்று வந்தால் என்ன செய்து வைத்திருக்க வேண்டும்? – தேவகோட்டை வாசகர்.

பதில்: உங்கள் அப்பத்தாவின் கேஸ் ஷீட்டை நான் பார்க்கவில்லை. அதனால் அன்று நடந்தது சரியா தவறா என்று சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று சொல்ல முடியும். அதே மே மாதம் நானும் மயக்க மருந்து டாக்டராக ராத்திரி டியூட்டி பார்த்தவன்.

நம் ஊர்க் கல்யாணத்தில் முதல் பந்தியில் இடம் கிடைக்காவிட்டால் யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்வதில்லை. இலை எடுத்ததும் அடுத்த பந்தி. வந்த வரிசைப்படி என்பது நியாயமாகத் தெரிவதே அடுத்த பந்தி உண்டு என்பதால்தான். வென்டிலேட்டரில் ஏறிய கோவிட் நோயாளி ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் அதற்கு மேலும் இறங்க மாட்டார். காத்திருப்பவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. இன்னொன்று, முதலில் வந்து சேர்பவர் பெரும்பாலும் வாசலில் கார் நிற்கிறவர், டாக்டரின் போன் நம்பர் வைத்திருக்கிறவர். கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆம்புலன்ஸுக்குக் காத்துக் கிடந்து வருகிறவர் எப்போதும் பின்னால்தான். அதனால்தான் 2020-இல் இதைப் பற்றி எழுதிய மருத்துவ அறவியலாளர்கள் பலர் வரிசைமுறை வேண்டாம் என்றார்கள்.

அவர்கள் வைத்த அளவுகோல் வேறு: இந்த மெஷின் யாரிடம் போனால் ஓர் உயிர் கூடுதலாக மிஞ்சும்? மெஷின் இல்லாமலே பிழைத்துவிடுவார் என்பவருக்கும், வைத்தாலும் பிழைக்க மாட்டார் என்பவருக்கும் அது போகாது. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் போட்டி.

அந்த நடுவைக் கண்டுபிடிக்க ‘சோஃபா’ என்று ஒரு மதிப்பெண் உண்டு. நுரையீரல், ரத்தம் உறைதல், கல்லீரல், ரத்த அழுத்தம், நினைவு, சிறுநீரகம் என ஆறுக்கும் தலா 0 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 24. புள்ளி ஏற ஏற நிலைமை மோசம். நியூயார்க் மாநிலம் 2015-இல் வெளியிட்ட வென்டிலேட்டர் பங்கீட்டு விதி இதை வைத்துத்தான் நோயாளிகளை நிறம் நிறமாகப் பிரித்தது. 11-ஐத் தாண்டினால் மெஷின் கிடையாது. 48 மணி நேரத்தில் ஒரு மறுபரிசீலனை, 120 மணி நேரத்தில் இன்னொன்று. ஒரே நிலையில் பலர் இருந்தால் சீட்டுக் குலுக்கல். கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் யார் வீட்டுப் பிள்ளை என்று சீட்டு பார்ப்பதில்லை.

நகரத்தார் கோவில் கணக்கில் ‘புள்ளி’ என்பார்கள். கல்யாணமான தம்பதி என்றால் ஒரு புள்ளி. மாடமாளிகை வைத்திருந்தாலும் ஒரு புள்ளி, ஓட்டு வீட்டில் இருந்தாலும் ஒரு புள்ளி. அந்தச் சமத்துவம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் உதாரணம். 1960-களின் தொடக்கத்தில் அங்கே டயாலிசிஸ் மெஷின்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய ஏழு பேர் கமிட்டி போட்டார்கள். அவர்கள் வருமானம், படிப்பு, சர்ச்சுக்குப் போகிற பழக்கம் எல்லாம் பார்த்தார்கள். 1962-இல் ஒரு பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தபோது ஊரே கொந்தளித்தது. சமூகத்துக்கு யார் உபயோகம் என்று மருத்துவமனை பார்க்கக் கூடாது என்ற பாடம் அங்கிருந்து வந்தது.

சோஃபாவும் குறையில்லாதது அல்ல. கோவிட்டில் பலருக்கு ஆரம்பத்தில் நுரையீரல் மட்டும்தான் அடிவாங்கியது, மற்ற ஐந்தும் நன்றாக இருக்கும். புள்ளி குறைவாகவே காட்டும், ஆள் போய்விடுவார். யார் பிழைப்பார் என்று சொல்வதில் அந்தக் கணக்கு சறுக்கியதை ஆய்வுகள் காட்டின.

இனி வயது. வயது ஏறினால் கோவிட்டில் இறப்பு கூடியது உண்மை. ஆனால் ‘76, அதனால் இல்லை’ என்று ஒற்றைக் கோடு போடுவது தவறு. கவனிக்க வேண்டியது உடலின் தளர்ச்சி. அதற்கு 1 முதல் 9 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் கேட்பது இன்றைய நிலையை அல்ல, நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு எப்படி இருந்தார் என்பதை. இங்கிலாந்தின் வழிகாட்டுதல் 2020 மார்ச் 20-இல் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தது. பிறவி ஊனமுள்ள இளைஞர்கூட இதில் ‘தளர்ந்தவர்’ ஆகிவிடுவார் என்று எதிர்ப்பு வர, ஐந்தே நாளில் திருத்தினார்கள்.

இங்கேதான் குடும்பம் சொல்கிற வார்த்தைக்கு எடை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வயதான அம்மாவைக் கொண்டுவந்தார்கள். “முன்னாடி எப்படி இருந்தாங்க?” என்றேன். கூட வந்த பையன், மோசமாகச் சொன்னால் சீக்கிரம் கவனிப்பார்கள் என்று நினைத்தானோ என்னவோ, “சுகர், பிரஷர் எல்லாம் இருக்கு சார், படுத்த படுக்கைதான்” என்றான். அப்படியே எழுதிக்கொண்டேன். காலையில் மகள் வந்து சொன்னார், போன வாரம் வரை பலகாரக் கடைக்குக் கை முறுக்கு சுற்றிக் கொடுத்தவராம், நாளுக்கு நூறு முறுக்கு. அதற்குள் இருந்த ஒரு மெஷின் வேறொருவரிடம் போயிருந்தது. பையன் மேல் மட்டும் பழிபோட முடியாது. ‘எழுந்து நடப்பாரா, தானே குளிப்பாரா’ என்று நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

அன்று யார் முடிவுசெய்தார் என்பது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் இருக்க வேண்டியது. படுக்கையருகே நிற்கிற டாக்டர் தன் நோயாளிக்காக வாதாட வேண்டியவர். பங்கிடும் முடிவைச் சம்பந்தமில்லாத மூத்தவர் ஒருவரோ குழுவோ எடுத்து, காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நியூயார்க் விதி அதைத்தான் சொன்னது. நான் இருந்த இடத்தில் எழுதிய விதி ஏதும் கிடையாது. டியூட்டி டாக்டர் ஒருவரே வாதி, அவரே நீதிபதி. கொடுத்த மெஷினைத் திரும்ப எடுத்து இன்னொருவருக்கு வைப்பதும் இங்கே லேசில் நடக்காது. உயிர்காப்புச் சிகிச்சையை விலக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் வகுத்து 2023-இல் எளிமையாக்கிய வழியிலும் இரண்டு மருத்துவக் குழுக்கள் வேண்டும், அதுவும் அந்த நோயாளியின் நலனுக்காக மட்டும். ஆகவே வாசலில் எடுக்கிற முதல் முடிவே கிட்டத்தட்ட கடைசி முடிவு.

ஆக்சிஜன் கணக்கு தனி. பெரிய ‘டி’ டைப் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் பதினோரு மணி நேரத்துக்கு மேல் வரும். மூக்கு வழியாக வேகமாகத் தள்ளுகிற ஹைஃப்ளோ மெஷினில் 60 லிட்டர் முழு ஆக்சிஜன் விட்டால் இரண்டு மணி நேரம்கூட வராது. ஒருவருக்கு ஹைஃப்ளோ வைத்தால் ஆறு பேர் மாஸ்க் ஆக்சிஜனை அவர் ஒருவரே குடிக்கிறார். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை ஆக்சிஜனுக்காக மட்டும் திறக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்த அந்த ஏப்ரல் கடைசியில், சிலிண்டர் முள்ளைப் பார்ப்பதே எங்களுக்குப் பாதி வேலை.

இதே கணக்கை ஆம்புலன்ஸில் போடுங்கள். சின்ன ‘பி’ டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். பை வைத்த மாஸ்க்குக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் 100 நிமிடம். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம், போனபின் வாசலில் காத்திருப்பு வேறு. படுக்கை உறுதியாகாமல் ‘மதுரைக்கே போயிடுவோம்’ என்று கிளம்பாதீர்கள். சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிட்டே இருக்கிறது. எங்கே இடம் என்று 104 சுகாதார உதவி எண்ணில் கேட்டு, சிலிண்டர் எத்தனை, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து ஏற்றுங்கள். 150-ஐ ஒட்டி நின்றால் நிறை, 75 என்றால் பாதி.

இப்போதே செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒரு தாளில் அடங்கும். அப்பா, அம்மா இருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்: என்ன வியாதி, என்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். அதன் கீழே அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்பது, பெருமையும் வேண்டாம், பயமும் வேண்டாம். ‘சந்தைக்கு நடந்து போய்வருவார், மாடி ஏறினால் மூச்சு வாங்கும்’ என்பது போல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதுங்கள்.

வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று அவர்களிடமே ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் எழுதி வைக்கலாம், சட்டப்படி செல்லும். வேண்டும் என்றாலும் தாளில் எழுதுங்கள்.

கோவிட் போன்ற சளிக்காய்ச்சல் வந்தால் விரலில் மாட்டுகிற கருவியில் 94-க்குக் கீழே போன அன்றே டாக்டர். 90 வரை காத்திருந்தால் போட்டி வரிசைக்குள் நீங்களே போய் நிற்கிறீர்கள். குப்புறப் படுக்க வைத்தால் சிலருக்கு அளவு ஏறும், ஆகும் செலவு ஒரு தலையணை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிருக்கு ராப்பகலாக வரிசை நின்றார்களே, அந்த மருந்து இறப்பைக் குறைப்பதாக அதுவரை சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. அந்த மாதிரி ஓட்டத்தில் வீட்டு ஆள் ஒருவரை இழக்காதீர்கள், அவர் நோயாளி பக்கத்தில் இருக்கட்டும்.

இடம் இல்லை என்று சொன்னால் சண்டை வேண்டாம், மூன்று கேள்வி போதும்: முடிவெடுத்தது யார், என்ன காரணம், மறுபடி எப்போது பார்ப்பார்கள். கேஸ் ஷீட் நகல் எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ கவுன்சில் விதி. ஆவணத்தை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது அதே விதி, ஆகவே அப்பத்தாவின் கோப்பு இன்னும் இருக்கும் என்று நம்ப முடியாது. ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தாளை மட்டும் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் பூட்டின அறையில் வைத்துவிட்டு, சாவியை சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். முகப்பிலேயே ஓர் ஆணியில் மாட்டி, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொல்லி வையுங்கள்.