பட்டியலில் பெயர் இல்லையென்றால் இணைப்பே இல்லை என்று பொருளா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 கணினிகள் ஒரே நெட்வொர்க்கில் இயங்குகின்றன. நெட்வொர்க் சாளரத்தில் காலையில் தெரியும் பெயர்கள் பிற்பகலில் மறைந்துவிடுகின்றன. அணைத்துவிட்ட கணினியின் பெயரோ நெடுநேரம் அங்கேயே நிற்கிறது. நெட்வொர்க் கார்டுகளை மாற்ற வேண்டுமா?

பதில்: கார்டுகளில் கை வைக்க வேண்டாம். நீங்கள் பார்க்கும் பட்டியலும், கோப்புகளைத் திறக்கும் வழியும் வெவ்வேறு ஏற்பாடுகள். பழைய விண்டோஸில் இந்தப் பட்டியலைப் பராமரிக்கும் பொறுப்பைக் கணினிகள் தமக்குள் தேர்தல் நடத்தி ஒரு கணினியிடம் ஒப்படைக்கின்றன. அதற்கு மாஸ்டர் பிரவுசர் என்று பெயர். மற்ற கணினிகள் ஏறத்தாழ 12 நிமிடங்களுக்கு ஒருமுறை தாம் இயங்குவதாக அறிவிக்கும். மூன்று அறிவிப்புகள் தொடர்ந்து வராமல் போன பிறகே, அதாவது 36 நிமிடங்கள் கழித்தே, ஒரு பெயர் நீக்கப்படும். பட்டியலின் நகலை வைத்திருக்கும் துணைக் கணினிகள் 15 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் அதைப் புதுப்பித்துக்கொள்கின்றன என்பதால், அணைந்துபோன கணினியின் பெயர் 51 நிமிடங்கள் வரை உங்களை ஏமாற்றக்கூடும். மாஸ்டராக இருந்த கணினியை முறையாக ஷட்டவுன் செய்யாமல் மின்சுவிட்சை அணைத்துவிட்டால், புதிய தேர்தல் முடிந்து பட்டியல் மீண்டும் நிரம்பும்வரை பெயர்கள் காணாமல் போவதும் இயல்புதான்.

ஆகவே சோதனையைப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் எதிர்க் கணினியின் ஐபி முகவரிக்கு, பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளை கொடுத்துப் பாருங்கள். அடுத்து, ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளை இட்டு, 192.168.1.20 என்பதுபோல அந்த முகவரியையே தட்டச்சு செய்யுங்கள். பகிர்ந்த ஃபோல்டர்கள் திறந்தால் கேபிள், கார்டு, ஃபயர்வால், அனுமதி ஆகிய நான்கும் சரியாக உள்ளன. முகவரிக்குத் திறந்து கணினியின் பெயருக்குத் திறக்காவிட்டால், பழுது பெயரை முகவரியாக மாற்றும் இடத்தில் இருக்கிறது; நெட்வொர்க் இணைப்பின் டிசிபி/ஐபி அமைப்பில், கணினிப் பெயர்களைக் கையாளும் நெட்பயாஸ் என்ற பழைய வசதி செயல்பாட்டில் உள்ளதா என்று பாருங்கள். இரண்டுக்கும் திறந்து பட்டியலில் மட்டும் தெரியவில்லையென்றால், எப்போதும் இயங்கும் ஒரு கணினியைத் தவிர மற்றவற்றில் இந்தப் பட்டியல் வேலையைச் செய்யும் கம்ப்யூட்டர் பிரவுசர் சர்வீஸை நிறுத்திவிடுங்கள். எல்லாக் கணினிகளிலும் ஒர்க்குரூப் (கணினிக் குழு) பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

முகவரிக்கே திறக்கவில்லையென்றால் முகவரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கணினி 192.168.0 என்றும் இன்னொன்று 192.168.1 என்றும் தொடங்கினால், இடையில் யாரோ வைஃபைக்காக இரண்டாவது ரவுட்டரைப் பொருத்தியிருக்க வாய்ப்பு அதிகம். மேற்சொன்ன அறிவிப்புகள் ரவுட்டரைத் தாண்டுவதில்லை. எக்ஸ்பியின் ஃபயர்வாலும் கோப்புப் பகிர்வை வழக்கமாகத் தன் முகவரித் தொடரில் உள்ள கணினிகளுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. முகவரி 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினிக்கு யாரும் முகவரி வழங்கவில்லை. அங்குதான் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: புதிதாக வாங்கிய விண்டோஸ் 10 கணினியிலிருந்து எக்ஸ்பி கணினிக்குப் பிங் போகிறது, ஆனால் அதன் ஃபோல்டர் திறக்கவில்லை. கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி 1 என்ற பழைய வசதியை இயக்கிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்தால் திறக்கும், ஆயினும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு மட்டுமே. 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல், அந்தப் பதிப்பைக் கையாளும் விண்டோஸ் நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தியே கணினி விட்டுக் கணினி தாவியது. அதே ஆண்டு இறுதியில் வந்த 1709 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10 இயல்பாக எஸ்எம்பி 1 இல்லாமலே வருகிறது.

உங்களிடம் விண்டோஸ் 7 கணினி ஒன்று இருந்தால், பகிர வேண்டிய ஃபோல்டரை அதற்கு மாற்றுங்கள். அது பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பேசும் என்பதால், எக்ஸ்பி ஒரு வழியிலும் விண்டோஸ் 10 மறு வழியிலும் அதனுடன் இணைந்துகொள்ளும்; புதிய கணினியின் பாதுகாப்பைத் தளர்த்தவும் வேண்டியதில்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவும் 2020 ஜனவரியில் முடிந்துவிட்டதால், அந்த ஓட்டையை அடைக்க 2017 மார்ச்சில் வெளியான பாதுகாப்புத் திருத்தம் அதில் உள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். இயன்றவரை அதற்கு இணையத்தைக் கொடுக்காதீர்கள். இதை இடைக்கால ஏற்பாடாகவே கருத வேண்டும்.

இதற்குப் பிறகும் எக்ஸ்பியின் பெயர் விண்டோஸ் 10 பட்டியலில் தோன்றாது. எஸ்எம்பி 1 நீங்கியபோதே கம்ப்யூட்டர் பிரவுசரும் நீங்கிவிட்டது. இப்போது பெயர்களைக் கண்டறியும் முறையே வேறு. பகிர்ந்த ஃபோல்டருக்கு ஷார்ட்கட்டோ டிரைவ் எழுத்தோ அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சரியான பாஸ்வேர்டைத் தந்தும் மீண்டும் மீண்டும் கேட்கிறது. ஏன்?

பதில்: கேட்கப்படுவது ஃபோல்டர் இருக்கும் கணினியின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும், உங்கள் கணினியுடையவை அல்ல. பயனர் பெயருக்கு முன் அந்தக் கணினியின் பெயரையும் பின்சாய்வுக் கோட்டையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். திரையைத் திறக்கும் பின் எண் இங்கு செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்குகளை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக ஏற்பதில்லை. பழைய பாஸ்வேர்டு, விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கியிருந்தால் அதை நீக்குங்கள்.

கேள்வி: கடைசியாக வருபவருக்கு மட்டும் எக்ஸ்பி கணினியில் இணைப்பு மறுக்கப்படுகிறது.

பதில்: எக்ஸ்பி புரொஃபஷனல் ஒரே நேரத்தில் 10 இணைப்புகளையும், ஹோம் பதிப்பு 5 இணைப்புகளையும் மட்டுமே ஏற்கும். பயன்படாத இணைப்புகள் இயல்பாக 15 நிமிடங்களில் துண்டிக்கப்படும். அந்தக் கால அளவைக் குறைத்தால் சற்று இடம் கிடைக்கும். விண்டோஸ் 7இல் வரம்பு 20.