களத்துக் கேள்விகள்: ஷாக்கும் கோபியும் திருமங்கலத்துப் பையன்களும்

கேள்வி: எங்கள் கூடைப்பந்து அணியில் இரண்டு பேர் கெட்டிக்காரர்கள். ஒருவன் கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான செண்டர், இன்னொருவன் வெளியிலிருந்து எறியும் ஷூட்டர். போன வருடம் கோப்பை வாங்கியதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை, பாஸும் இல்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் செண்டர் ஷாக்கும் (ஷக்கீல் ஓ'நீல்) ஷூட்டர் கோபியும் (கோபி பிரையன்ட்) முறைத்துக்கொண்டே 2001-ல் தங்கள் லேக்கர்ஸ் அணியை மறுபடி ஜெயிக்க வைத்தார்களே, எப்படி?
– ஓர் இளம் பயிற்சியாளர், திருமங்கலம்

பதில்: தம்பி, சமாதானம் பேசுகிற வேலையை முதலில் விடுங்கள். இரண்டு பேரையும் டீக்கடைக்குக் கூட்டிப்போய், 'என்னடா உங்களுக்குள்ள?' என்று கேட்டு, கை கொடுக்க வைத்து அனுப்புவோம். மறுநாள் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பழைய வீம்புதான். மதுரையில் இப்படி எத்தனை பஞ்சாயத்து பார்த்துவிட்டேன்!

லேக்கர்ஸிலும் யாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. 2000-ல் பட்டம் வாங்கிய கையோடு முற்றிய சண்டை அது. பந்து தன் வழியாகத்தான் போக வேண்டும் என்பது ஷாக் கட்சி. என் ஆட்டத்தை நான் ஏன் குறைக்கணும் என்பது கோபி கட்சி. அடுத்த 2000-01 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஷாக் 28.7 புள்ளி, கோபி 28.5. இதற்குப் போய் அவ்வளவு ரகளை!

பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனின் கையில் இருந்தது, உதவியாளர் டெக்ஸ் வின்டரின் முக்கோண ஆட்டம். கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் ஷாக்கிடம் பந்து போனால் இரண்டு பேர் வந்து மறிப்பார்கள். அப்போது வெளியே ஒருவர் காலியாக இருப்பார், பந்து அவருக்கு. இதற்கு நட்பு எதற்கு? அந்தக் காலியான ஆள் பல நேரம் டெரெக் ஃபிஷர். பாதக் காயத்தால் வெளியே இருந்தவர் மார்ச்சில் திரும்பினார். சீசன் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃபில் அவர் தூரத்திலிருந்து எறிந்த த்ரீ பாயிண்டர்களில் பாதிக்கு மேல் உள்ளே. இவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சீசனின் கடைசி 8 ஆட்டமும் வெற்றி. பிளேஆஃபில் 15 வெற்றி, ஒரே தோல்வி. அதுவும் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், பிலடெல்பியாவின் ஐவர்சன் 48 புள்ளி அடித்ததால்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கூடைக்குப் பக்கவாட்டில் செண்டர் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். பயிற்சி ஆட்டத்தில் பந்து அந்த வட்டத்துக்குள் போய் வராமல் விழுகிற கூடைக்குப் புள்ளி கிடையாது. இரண்டு பேர் மறித்தும் செண்டர் பந்தை வெளியே விடவில்லையா, பந்து எதிரணிக்கு. ஷூட்டர் முதல் வாரம் மூஞ்சியைத் தூக்குவான். கண்டுகொள்ளாதீர்கள். அப்புறம், உங்கள் மூன்றாவது பையன் யார்? கேள்வியில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

கேள்வி: ஷாக், கோபி இருவரில் யார் பெரிய ஆட்டக்காரர்?
– ஒரு கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: 2000, 2001, 2002 மூன்று இறுதித் தொடரிலும் சிறந்த வீரர் விருது ஷாக்குக்குத்தான். 2004-ல் அவர் மயாமிக்குப் போய் 2006-ல் ஒரு பட்டம் வாங்கினார். கோபி லேக்கர்ஸிலேயே இருந்து 2009, 2010 என்று இரண்டு வாங்கினார். என் ஓட்டு ஷாக்குக்கு. உங்கள் ஓட்டு கோபிக்கு என்று தோன்றுகிறது.