மோடல் வினைகளுக்குத் தமிழ் அர்த்தம் மனப்பாடமாகத் தெரிந்தும் பேசும்போது தப்பு வருகிறதே, ஏன்?

ஆங்கிலத்தில் இன்னொரு வினையோடு சேர்ந்து முடியும், லாம், வேண்டும் போன்ற பொருளைத் தரும் சொற்கள்தான் மோடல் வினைகள். கேள்வி கேட்டவர் 'கேன் என்றால் முடியும், மே என்றால் லாம், மஸ்ட் என்றால் வேண்டும், ஷுட் என்றாலும் வேண்டும்' என்று பட்டியல் போட்டுப் படித்திருக்கிறார். வாயைத் திறந்தால் அப்படியும் தப்பு வருகிறதாம். வில்லுக்கும் வுட்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதும் பிடிபடவில்லையாம். நானும் அதே பட்டியலை உருப்போட்டவன்தான். அது என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்னைவிட மூத்த ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் கூட்டத்தில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. பாவம், வீணாக எதற்கு அலைய வேண்டும் என்ற நல்லெண்ணம். 'நீங்கள் வர வேண்டாம்' என்பதை மனசுக்குள் ஆங்கிலமாக்கினேன். வேண்டும் என்றால் மஸ்ட், அப்படியானால் வேண்டாம் என்றால் மஸ்ட் நாட். 'யூ மஸ்ட் நாட் கம்' என்று எழுதி அனுப்பியும்விட்டேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "தம்பி, நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?" என்றார்.

நான் அனுப்பியது 'வரக் கூடாது' என்ற தடை உத்தரவு. சொல்ல நினைத்தது 'வரத் தேவையில்லை'. அதற்கு 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்றோ, 'யூ நீட் நாட் கம்' என்றோ எழுதியிருக்க வேண்டும்.

இதில் தமிழுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. 'நீ வர வேண்டாம்' என்பதைக் கனிவாகச் சொன்னால் சலுகை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் தடை. நம் 'வேண்டாம்' இரண்டு வேலையும் பார்க்கிறது, குரல்தான் பிரித்துக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பிரிவினையைச் சொல்லே செய்துவிடுகிறது. எழுத்தில் குரலும் கிடையாது, மாட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி இது: எந்த மோடலையும் அதன் எதிர்மறையோடு சேர்த்துத்தான் படிப்பது. தனியாகப் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருப்பதுபோல் தோன்றும். நாட் சேர்த்ததும்தான் சாயம் வெளுக்கும்.

'மே'யை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹி மே கம்' என்றால் அவன் வரலாம். வர அனுமதி உண்டு என்றும் கொள்ளலாம், வர வாய்ப்பு உண்டு என்றும் கொள்ளலாம். நம் 'லாம்' அப்படியே இதற்குப் பொருந்துகிறது. ஆனால் எதிர்மறைக்குப் போனால் தமிழில் பாதை இரண்டாகப் பிரிகிறது: வரக் கூடாது, வராமலும் போகலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'மே நாட்' ஒன்றுதான். அதனால்தான் பேச்சில் அனுமதி மறுக்கும்போது பெரும்பாலும் 'கான்ட்' போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். 'மே நாட்' என்று காதில் விழுந்தால் பெரும்பாலும் அது 'வராமலும் போகலாம்'தான்.

மஸ்ட்டுக்கு இன்னொரு முகம் இருக்கிறது, ஊகம். வீட்டில் விளக்கு எரிகிறது, செருப்பு வாசலில் கிடக்கிறது. 'ஹி மஸ்ட் பி அட் ஹோம்', அவன் வீட்டில்தான் இருக்க வேண்டும். கவனித்தீர்களா, இங்கேயும் நம் 'வேண்டும்' கட்டளையிலிருந்து ஊகத்துக்குத் தாவிவிட்டது. இனி எதிர்மறை. விளக்கும் இல்லை, செருப்பும் இல்லை. 'மஸ்ட் நாட் பி' என்று சொல்ல வாய் துறுதுறுக்கும், வழக்கமாக வருவதோ 'கான்ட் பி'. தமிழிலும் 'இருக்க வேண்டாம்' என்றா சொல்கிறோம்? 'இருக்க முடியாது' என்றுதானே சொல்கிறோம். இந்த இடத்தில் தமிழையே நம்பிப் போகலாம்.

இன்னும் சொன்னால், இந்த வினைகளின் இலக்கணத்தில் பாதி நமக்கு ஏற்கெனவே தெரியும். போகிறேன், போகிறாள், போகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றும் தமிழ், 'வேண்டும்' வந்தால் சும்மா இருந்துவிடுகிறது. நான் போக வேண்டும், அவள் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். லாம், கூடாது, முடியும் எல்லாம் அப்படியே. கேன், மே, மஸ்ட்டும் அதே ரகம். 'ஹி கேன்ஸ்' என்று ஒன்று கிடையாது. 'போக வேண்டும்' என்பதில் உள்ள 'போக'தான் ஆங்கிலத்தின் வெறும் 'கோ'. எப்போதாவது 'ஹி கேன் கோஸ்' என்று வந்துவிட்டால் அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'அவனால் போகிறான் முடியும்'. பிறகு அந்தத் தப்பு வராது.

ஆங்கிலத்தில் ஏன் அப்படி? கேன், மே, ஷல் மூன்றும் ஆதியில் இறந்தகால வடிவங்கள். காலப்போக்கில் நிகழ்காலப் பொருளுக்கு நகர்ந்துவிட்டன. இறந்தகாலத்தில் எஸ் ஒட்டாது அல்லவா, அந்தப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. கேன் என்பதன் பழைய பொருள் 'அறிதல்' என்பது எனக்குப் பிடித்த தகவல். 'எனக்கு நீந்தத் தெரியும்' என்று நாம் சொல்வதும் அதே யோசனைதான். கேனின் இறந்தகாலமான குட்டின் எழுத்துக்கூட்டலில் உச்சரிக்காத ஒரு எல் இருக்கிறதே, அதற்குக்கூடப் பூர்வீகம் கிடையாது. வுட்டையும் ஷுட்டையும் பார்த்து இடையில் செருகியது.

குட்டில் ஒரு பொறி உண்டு. 'நேற்று ஓடிப் போய் ரயிலைப் பிடிக்க முடிந்தது' என்பதை 'ஐ குட் கேட்ச் த டிரெயின்' என்று சொல்லிவிடுவோம். ஒரே ஒரு முறை, முயன்று, நடந்தே முடிந்த காரியத்துக்குக் குட் பொருந்தாது. 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு' வேண்டும். சின்ன வயதில் மரம் ஏறத் தெரிந்திருந்தது என்பதுபோலப் பொதுவான திறமைக்குக் குட் சரி. பார்த்தது, கேட்டது போன்றவற்றுக்கும் சரி. எதிர்மறையில் தொல்லையே இல்லை, ரயிலைப் பிடிக்க முடியாமல் போனதற்குத் தாராளமாகக் 'குடன்ட்' போடலாம்.

'குட் யூ ஹெல்ப் மீ?' என்பதில் உள்ள குட் இறந்தகாலமே இல்லை. மரியாதை காட்ட நாம் ஒருவரைப் பன்மையாக்கி 'நீங்கள்' என்கிறோம். அவர்கள் காலத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். இரண்டுமே எட்ட நின்று பேசுவதுதான்.

'ஷுட் என்றாலும் வேண்டும், மஸ்ட் என்றாலும் வேண்டும்' என்ற குழப்பத்துக்கு நான் காட்டுவது கொஞ்சம் வினோதமான இடம். இணையத் தொழில்நுட்ப விதிகளை எழுதுபவர்களுக்காக 1997-ல் ஆர்எஃப்சி 2119 என்று ஒரு சின்ன ஆவணம் வந்தது. அதன் வேலையே இந்தச் சொற்களுக்கு எடை போடுவது. மஸ்ட் என்றால் மறுபேச்சில்லை. ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால் விலகலாம், ஆனால் விளைவை யோசித்துவிட்டு விலக வேண்டும். மே என்றால் உங்கள் இஷ்டம். அன்றாடப் பேச்சுக்கும் இந்தத் தராசு பெரும்பாலும் ஒத்துவருகிறது. மருத்துவர் மஸ்ட் போட்டால் பயப்படுங்கள், ஷுட் போட்டால் குற்ற உணர்ச்சியோடு தள்ளிப் போடலாம். அந்த ஆவணத்தில் ஷல்லுக்கும் மஸ்ட்டின் எடைதான். பேச்சில் ஷல் இப்போது பெரும்பாலும் கேள்விகளில்தான் உயிரோடு இருக்கிறது: திறக்கட்டுமா, போகலாமா.

நடந்து முடிந்ததைப் பற்றி வருத்தப்படத் தமிழ் ஒரு அழகான வசதி வைத்திருக்கிறது: சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்க வேண்டும், சொல்லியிருப்பான். இதே வரிசையில் குட் ஹேவ், ஷுட் ஹேவ், மஸ்ட் ஹேவ் என்று பொருத்திக்கொள்ளுங்கள். 'சொல்லியிருக்கலாமே!' என்பதில் அந்த ஏகாரம் தூக்கிச் சுமக்கும் மனத்தாங்கல் இருக்கிறதே, 'யூ குட் ஹேவ் டோல்ட் மீ' என்பதில் அதற்குத் தனி எழுத்து கிடையாது, குரலில்தான் ஏற்ற வேண்டும்.

இரண்டு மோடல்களை அடுக்காதீர்கள். 'வில் கேன்' இல்லை, 'வில் பி ஏபிள் டு'தான். ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் தென்பகுதியிலும் 'மைட் குட்' என்று சிலர் பேசுவது உண்டு. அவர்கள் பேசட்டும், நாம் தேர்வில் எழுத முடியாது.

கடைசியாக வில், வுட். பணிவாக இருக்கும் என்று நினைத்து 'ஐ வுட் கம் டுமாரோ' என்று எழுதுபவர்கள் நம்மில் ஏராளம். படிப்பவர் காதில் அது 'வருவேன்தான், ஆனால்...' என்று பாதியில் நிற்கிறது. ஆனால் என்ன என்று அவர் காத்திருப்பார். வருவது உறுதி என்றால் வில். 'விடுமுறை கிடைத்தால் வருவேன், கிடைக்காது போலிருக்கிறது' என்றால் வுட். கேட்டுக்கொள்ளும்போதும், 'வருவேன் என்று சொன்னான்' என்று அடுத்தவர் பேச்சைச் சொல்லும்போதும், ஒரு காலத்தில் வழக்கமாகச் செய்ததைச் சொல்லும்போதும் வுட் அதன் இடத்தில் சரியாக இருக்கும். மற்ற இடங்களில் எழுதியதும் வாக்கியத்தின் முடிவில் ஒரு 'ஆனால்' போட்டுப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் வில்லுக்கு மாற்றிவிடுங்கள். இவ்வளவு பேசுகிற நானே போன வாரம் ஒரு கடிதத்தை அனுப்பும் முன் இரண்டு வுட்களை அடித்துத் திருத்தினேன்.