வேலைக்குப் போனால் தங்கையின் உதவித்தொகை நின்றுவிடுமா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்கு 26 வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பி.காம். முடித்திருக்கிறாள். தாலுகா அலுவலகம் மூலமாக மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை வருகிறது. காரைக்குடியில் செட்டிநாட்டுப் பலகாரம் செய்து வெளியூர், வெளிநாடு என்று அனுப்பும் ஒரு கடையில் கணக்கு எழுதக் கூப்பிடுகிறார்கள், சம்பளம் 11,000 ரூபாய். தங்கைக்கு ரொம்ப ஆசை. ஆத்தாதான் வேண்டாம் என்கிறார். "ஆறு மாசத்துல நின்னுக்கன்னு சொல்லிட்டா, இந்தப் பணமும் திரும்ப வராதே" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தங்கையை வேலைக்கு அனுப்புங்கள். ஆனால் ஆத்தாவின் பயத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். அவர் 1,500 ரூபாய்க்காக மட்டும் பேசவில்லை. அந்த உத்தரவு வாங்க எத்தனை முறை தாலுகா அலுவலகப் படி ஏறினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதலில், எது நிற்கலாம், எது நிற்காது என்று பிரித்துப் பாருங்கள். தங்கைக்கு வருவது வருவாய்த் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பணம். பிழைக்க வழியில்லாதவர்களை மனதில் வைத்து வந்த திட்டம் என்பதால் வருமானத்தைப் பார்ப்பார்கள். நிலையான சம்பளம் வந்தால் மறுபரிசீலனைக்கு இடம் உண்டு. இந்த ஒன்றுதான் ஆட்டம் காணக்கூடியது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் அதை வைத்துக் கிடைக்கும் உரிமைகளும் அப்படியே இருக்கும். வேலை இல்லாதவர் என்பதற்காகவா அந்த அட்டையைக் கொடுத்தார்கள்? உடல் குறைபாட்டின் சதவீதத்தைப் பார்த்துக் கொடுத்தது அது.

அரசு வேலை வாய்ப்பும் போய்விடாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி அரசுப் பணியிடங்களில் 4 சதவீதம் ஒதுக்கீடு, அதில் 1 சதவீதம் செவித்திறன் குறைந்தவர்களுக்கு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வாருங்கள். கடையில் சேர்ந்துவிட்டோமே என்று பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், பெரிய இழப்பு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குக் கட்டண விலக்கும் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தரும் வேலையில்லாதோர் உதவித்தொகை வேறு. மாற்றுத்திறனாளிப் பட்டதாரிக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் 10 ஆண்டு வரை தருவார்கள். வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் சம்பளத்தில் இருப்பவர்களுக்கும் அது கிடையாது. அதனால் உங்கள் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

சரி, ஆத்தாவின் கேள்விக்கு வருவோம். வேலையில் சேர்ந்ததை மறைக்காதீர்கள். ஆதாரோடு இணைந்த பணம் இது. நாளைக்கு யாராவது ஒரு மனு போட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்ற பேச்சு வரும், அந்த அவமானம் தங்கைக்கு வேண்டாம். கடையில் தேதி, வேலை, சம்பளம் போட்டு ஒரு நியமனக் கடிதம் கேளுங்கள். அதன் நகலோடு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாருக்கு ஒரு பக்க மனு எழுதி, "இந்த வேலையால் உதவித்தொகை தொடருமா என்று எழுத்தில் தெரிவிக்கவும்" என்று கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். நிறுத்தினால் அந்த உத்தரவின் நகல், பழைய அனுமதி உத்தரவு இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை போய்விட்டால் கடையில் விடுவிப்புக் கடிதம் வாங்கி, இவற்றோடு இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பிக்கலாம். நடையாக நடக்க வேண்டியிருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கையில் காகிதம் இருப்பவரின் மனுவைத் தள்ளிவைப்பது கடினம்.

வேலைக்குப் போவதால் புதிதாகக் கிடைப்பதும் உண்டு. செவித்திறன் குறைந்தவர்களில் தனியார் வேலையில் இருப்பவர்களுக்கும் சுயதொழில் செய்பவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தக்க செயலியோடு திறன்பேசி தருகிறது. சிவகங்கை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். காரைக்குடிக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண் என்பதால் தங்கைக்கு எப்படியும் டிக்கெட் இல்லை. அடையாள அட்டையைக் காட்டினால் கூடப் போகும் ஒருவருக்கும் கிடையாது. முதல் சில நாள் நீங்களே கூடப் போய்வாருங்கள்.

கடைக்காரரிடமும் பேசுங்கள். கடை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு வரம்புக்குள் வந்தால் மாற்றுத்திறனாளிப் பணியாளருக்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கை 10 ஆண்டு வரை மத்திய அரசே ஏற்கிறது, சம்பள உச்சவரம்பும் மற்றவர்களுக்கு 21,000 என்றால் இவர்களுக்கு 25,000. பல முதலாளிகளுக்கு இது தெரியாது.

அதைவிட முக்கியம், வேலை நடக்கும் விதம். பலகாரக் கடையில் ஆர்டர் முழுக்க போனிலும் வாய்வார்த்தையிலும்தான் ஓடும். அடுப்படியிலிருந்து ஒருவர் "சீப்புச் சீடை இன்னும் ரெண்டு கிலோ சேத்துக்க" என்று குரல் கொடுப்பார், தங்கைக்கு அது போய்ச் சேராது. மாலையில் கணக்கு இடிக்கும், பழி அவர் மேல் விழும். ஆர்டரை எடுப்பவர் தேதி, ஊர், பலகாரம், எடை, முன்பணம் என்று ஒரு சீட்டில் எழுதித் தரட்டும், மாற்றம் வந்தால் வாட்ஸ்அப்பில் வரட்டும். தங்கையின் மேசையை வாசலைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள், யார் வருகிறார்கள் என்று தெரியும். இதற்குப் பத்துப் பைசா செலவில்லை. இப்படிப்பட்ட நியாயமான வசதியைத்தான் சட்டமும் கேட்கிறது. நான் பார்த்தவரை இந்த மாதிரி வேலைகள் உடைவது திறமைக் குறைவால் அல்ல, முதல் மாதத்தில் இதைப் பேசி வைக்காததால்.

பிற்காலத்தில் தங்கை சொந்தமாகப் பலகாரமோ கொட்டான் என்ற ஓலைக்கூடையோ செய்து விற்க நினைத்தால், தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோடு கடன் தரும் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்கு ஊரகப் பகுதியில் 35 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். 4 லட்ச ரூபாய்த் தொழிலென்றால் கையிலிருந்து 20,000, மானியம் 1,40,000. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். கடையில் ஓரிரு வருடம் கணக்குப் பார்த்தவருக்கு வங்கி மேலாளர் முன் உட்காரும் தைரியம் தானாக வந்திருக்கும்.

சம்பளத்தைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். தாசில்தார் மனுவுக்கும் பிற்காலக் கடனுக்கும் அந்த வரவுதான் சான்று. அப்புறம், யு.டி.ஐ.டி. என்ற தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.