ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் செல்கள் கெடுவது ஏன்?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் செல் கல்ச்சருக்கு (உடலுக்கு வெளியே செல்களை வளர்க்க) ஒரே ஹுட் (வடிகட்டிய காற்று வீசும் வேலைப் பெட்டி), ஒரே இன்குபேட்டர் (செல்களை வளர்க்கும் வெப்பப் பெட்டி), ஒரே வாட்டர் பாத் (பாட்டில்களை வெதுவெதுப்பாக்கும் தண்ணீர்த் தொட்டி). எல்லோரும் மாறி மாறிப் பயன்படுத்துகிறோம். எதையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் ஹுட்டுக்குள் கொண்டுபோவதில்லை, மீடியாவில் (செல்களுக்கான ஊட்டத் திரவத்தில்) ஆன்டிபயாடிக்கும் சேர்க்கிறோம். அப்படியும் அடிக்கடி யாராவது ஒருவருடைய ஃபிளாஸ்க் (செல் வளரும் குடுவை) கிருமி புகுந்து கலங்கிவிடுகிறது. எங்கே தவறு?
– ஆராய்ச்சி மாணவி, கோவை

பதில்: முதலில் அந்த வாட்டர் பாத்தைப் போய்ப் பாருங்கள். 37 டிகிரியில் வெதுவெதுப்பான தண்ணீர், நாள்கணக்காக மாற்றாமல், அதில் யாரோ சிந்திய மீடியா வேறு. கிருமி வளர இதைவிட வசதியான இடம் உங்கள் ஆய்வகத்தில் இருக்காது. பாட்டிலைக் கழுத்துவரை முக்கினால் மூடிக்கும் கழுத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் தண்ணீர் ஏறி நின்றுவிடும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் அங்கே ஸ்பிரிட் போய்ச் சேராது, நீங்கள் ஹுட்டுக்குள் மூடியைத் திருகும்போது அந்தச் சொட்டுதான் பாட்டிலின் வாயில் வந்து நிற்கும். வாரம் ஒருமுறையாவது தண்ணீரை முழுக்கக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள். மட்டம் எப்போதும் மூடிக்கு நன்றாகக் கீழேயே இருக்கட்டும். இன்குபேட்டருக்குள் ஈரப்பதத்துக்காக வைக்கும் தண்ணீர்த் தட்டுக்கும் இதே கவனிப்பு வேண்டும், அதில் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

ஸ்பிரிட்டில் ஆல்கஹால் 70 சதவீதம்தானா என்று பாருங்கள். அதிகம் இருந்தால் நல்லது என்று 95-ஐ எடுப்பவர்கள் உண்டு, அது சரியில்லை. தண்ணீர் கலந்திருந்தால்தான் கிருமியின் புரதத்தை நன்றாகக் குலைக்கும், சட்டென்று ஆவியாகாமல் கொஞ்ச நேரம் நிற்கவும் செய்யும். தெளித்த கையோடு துடைத்துவிடாதீர்கள். அப்படியெல்லாம் செய்தாலும் பாக்டீரியா ஸ்போர்களை (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவங்களை) ஸ்பிரிட் கொல்லாது. அதற்கு ஆட்டோகிளேவ்தான்: 121 டிகிரி, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். பிப்பெட் முனைகள் வைக்கும் டிப் பாக்ஸ்களை நெருக்கித் திணித்தால் நடுவில் இருப்பவற்றுக்கு நீராவி சரியாகப் போகாது. மேலே ஒட்டிய ஆட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டதே என்பார்கள், டேப் ஒட்டிய இடத்தில் சூடு பட்டது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

அப்புறம் ஆன்டிபயாடிக். அதை நம்பிக் கை அசட்டையாகிவிடும் என்பதுதான் என் பயம். பெனிசிலின் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் கொல்கிறது, ஆனால் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவுக்குச் செல் சுவரே கிடையாது. அது மீடியாவைக் கலக்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, 0.2 மைக்ரான் ஃபில்டரிலும் நழுவிப்போகக் கூடியது. உங்கள் ரிசல்ட்டை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே கலங்காத ஃபிளாஸ்க் எல்லாம் சுத்தம் என்று நினைக்காதீர்கள், மாதம் ஒருமுறை மைக்கோபிளாஸ்மா இருக்கிறதா என்று பிசிஆர் (கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்து பாருங்கள்.

மீடியா பாட்டிலும் டிரிப்சினும் (ஒட்டியிருக்கும் செல்களைப் பிரித்தெடுக்கும் நொதி) பொதுவில் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள், ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. கிருமி மட்டுமல்ல, அடுத்தவருடைய செல்லே உங்கள் ஃபிளாஸ்க்கில் குடியேறலாம். வேறு வேறு திசுக்களில் இருந்து வந்தவை என்று நம்பிய பல செல் லைன்கள் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகைகள்) உண்மையில் ஹீலா என்ற, வேகமாக வளரும் புற்றுநோய்ச் செல்கள்தான் என்று 1966-லேயே மரபியல் விஞ்ஞானி ஸ்டான்லி கார்ட்லர் காட்டினார். வெளியிலிருந்து வரும் புது செல்லை, சோதனை முடிவு கைக்கு வரும்வரை அந்தப் பொது இன்குபேட்டருக்குள் விடாதீர்கள். தனி இன்குபேட்டருக்கு வழியில்லை என்றால் ஃபில்டர் மூடி போட்ட ஃபிளாஸ்க்கில் வைத்து, நாளின் கடைசி வேலையாக அதைத் தொடுங்கள்.