ஹ்யூமன் லீகின் 'டேர்' ஆல்பம் இன்னும் காதில் நிற்பது ஏன்? அந்த சவுண்டை வீட்டில் கொண்டுவர முடியுமா?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. பிரிட்டிஷ் குழு ஹ்யூமன் லீக் 1981இல் வெளியிட்ட இந்த சிந்த்-பாப் (சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் அமைந்த பாப்) ஆல்பத்தின் பாட்டுகள் இன்றைக்கும் ஏன் ஒரே தடவையில் மனசில் ஒட்டிக்கொள்கின்றன? லேப்டாப்பில் அதே சவுண்டுக்கு என்ன செய்ய வேண்டும்? இரண்டுக்கும் ஒரே பதில்தான்: அதில் எதுவும் தேவைக்கு அதிகமாக ஒலிப்பதில்லை.

1980 கடைசியில் ஷெஃபீல்டில் குழு உடைந்தது. கருவிகளைக் கையாளத் தெரிந்த மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் வெளியேறி ஹெவன் 17 தொடங்கினார்கள். பாடகர் ஃபிலிப் ஓக்கியும் மேடையில் ஸ்லைடு காட்டிவந்த ஏட்ரியன் ரைட்டும்தான் மிச்சம். உள்ளூர் கிளப் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த சூசன் சல்லி, ஜோஆன் கேதரால் என்ற இரண்டு பள்ளி மாணவிகளை ஓக்கி சேர்த்துக்கொண்டார். பிறகு வந்த இயன் பர்டன் பேஸ்காரர். ஜோ காலிஸ் பங்க் குழுவில் கிட்டார் வாசித்தவர். பத்து விரலையும் பரப்பி கார்டு (ஒரே நேரத்தில் பல ஸ்வரம்) பிடிக்கும் கீபோர்டுக்காரர்கள் இல்லை என்பதால்தான் ஒவ்வொரு பாட்டும் தனித்தனி ஒற்றை வரிகளாக, வாயால் முணுமுணுக்கக்கூடிய மெட்டுகளாக நிற்கிறது என்பது என் கணிப்பு.

தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட் அந்த வரிகளை ரோலண்ட் எம்சி-8 என்ற சீக்வென்சரில், அதாவது ஸ்வரங்களைப் பதிந்துவைத்து சிந்தசைசரைத் தானாக வாசிக்கவைக்கும் கருவியில் ஏற்றினார். அதில் பியானோ கட்டைகள் கிடையாது, எண் பலகைதான். ஒரு ஸ்வரத்துக்கு மூன்று எண் தட்ட வேண்டும்: சுருதி எவ்வளவு, அடுத்த ஸ்வரம் வர எவ்வளவு நேரம், அதில் இந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும். இந்த மூன்றாவது எண், அதாவது கேட் டைம், மிக முக்கியம். எங்கே ஒலி வெட்டப்படுகிறதோ அங்கே ஒரு சின்ன மௌனம் விழுகிறது. கால் தன்னால் தாளம் போடுவது அந்த இடைவெளியில்தான்.

செய்து பார்ப்பவர்கள் இதில் தொடங்குங்கள். 'டோன்ட் யூ வான்ட் மி' பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 118 பீட். அந்த வேகத்தில் பதினாறில் ஒரு பங்கு ஸ்வரம் 127 மில்லிசெகண்ட் வரும். பேஸ் வரியை 60 முதல் 75 மில்லிசெகண்டுக்குள் வெட்டுங்கள். சிந்தில் ஒரே ஒரு சாடூத் (ரம்பப் பல் வடிவ) அலை, ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் மோனோ மோட், உயர்ந்த ஒலிகளை வெட்டும் லோபாஸ் ஃபில்டர் 700 ஹெர்ட்ஸ் பக்கம், அந்த ஃபில்டர் திறந்து மூடுவதை ஆளும் என்வலப்பில் டிகே (இறங்கும் நேரம்) 200 மில்லிசெகண்ட், சஸ்டெய்ன் (இறங்கியபின் நிற்கும் அளவு) கிட்டத்தட்ட பூஜ்யம். வெலாசிட்டி (ஸ்வரத்தைத் தட்டும் வலு) எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றே. பலரும் மனிதர் வாசித்தது போல நேரத்தைக் கலைக்கும் 'ஹ்யூமனைஸ்' பட்டனை அழுத்திக் கெடுப்பது இங்கேதான். ஸ்வரங்கள் முன்பின்னாக நகர்ந்தால் மௌனங்களின் அளவும் மாறிவிடும், வரி தொய்ந்துபோகும்.

டிரம்ஸுக்கு லின் எல்எம்-1. 1980இல் ரோஜர் லின் வெளியிட்டது. நிஜ டிரம் ஒலிகளை 8 பிட்டில், சுமார் 28 கிலோஹெர்ட்ஸில் சிப்பில் அடக்கிய மெஷின். இன்றைக்கு அதன் சாம்பிள் (பதிவுசெய்த ஒலித்துண்டு) எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் மூன்று இடத்தில் தவறுகிறது.

ஒன்று, ட்யூனிங். அந்த மெஷினில் ஒவ்வொரு டிரம்முக்கும் தனித்தனி திருகு உண்டு. திருகினால் சாம்பிள் ஓடும் வேகமே மாறும். சுருதி இறங்க இறங்க ஒலி நீளும், கரகரப்பும் கூடும். மென்பொருளில் டைம்-ஸ்ட்ரெச் ஆன் ஆகியிருந்தால் நீளம் மாறாது, ஸ்னேர் பிளாஸ்டிக் டப்பா போலக் கேட்கும். ரீசாம்பிள் மோடுக்கு மாற்றி ஸ்னேரை 2 அல்லது 3 செமிடோன் (அரை ஸ்வரம்) இறக்குங்கள்.

அடுத்து பிட்கிரஷர், அதாவது ஒலியின் தரத்தை வேண்டுமென்றே குறைக்கும் எஃபெக்ட். "8 பிட் மெஷின்தானே" என்று 8இல் வைத்தால் ஒலி அடங்கும் இடத்தில் இரைச்சல் துருத்தும். எல்எம்-1இன் 8 பிட் சமமான படிகள் கொண்டதல்ல, சன்னமான ஒலிக்கு நெருக்கமான படிகளை ஒதுக்கும் முறை. ஆகவே 11, 12 பிட்டில் வைத்து, சாம்பிள் ரேட்டை மட்டும் 28 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குவது நிஜத்துக்கு அருகில் வரும்.

கடைசியாக, 'ஜ்ஜீங்' என்று ஒலிக்கும் பெரிய உலோகத் தட்டான க்ராஷ் சிம்பல். நீண்டு ஒலிக்கும் ஒலிக்கு மெமரி அதிகம் வேண்டும், அன்றைக்கு மெமரி விலை அப்படி. அதனால் மெஷினில் அது கிடையவே கிடையாது. பல்லவிக்குள் நுழைவதை க்ராஷ் இல்லாமல் உணர்த்தப் பழகுங்கள்: ஒரு கைதட்டல், புதிதாக நுழையும் ஒரு சிந்த் வரி, அல்லது ஒரு பீட் முழுக்க வெறுமை.

இத்தனையும் சரியாக வந்த பிறகும் குரல் பிசகினால் டேர் கிடைக்காது. ஓக்கியின் கனத்த, அசையாத குரல். பக்கத்தில் முறையான பயிற்சி இல்லாத இரண்டு பெண் குரல்கள். மெஷின் இம்மி பிசகாமல் ஓட, அதன் மேல் அந்தக் குரல்கள் சுருதியில் லேசாக உரசும் இடம் எனக்கு அத்தனை பிடிக்கும். கோரஸைக் காப்பி-பேஸ்ட் செய்யாமல் இரண்டு பேரைத் தனித்தனியாகப் பாடவையுங்கள். சுருதி திருத்தும் ஆட்டோட்யூன் வேண்டாம், ரிவெர்பும் (அறை எதிரொலி) கொஞ்சமே போதும்.

'டோன்ட் யூ வான்ட் மி'யில் முதல் சரணம் ஆண் தரப்பு. இரண்டாவதில் அதே கதையைப் பெண் தன் தரப்பில் சொல்கிறாள். சூசனின் குரல் தேர்ந்த பாடகியுடையதாக இருந்திருந்தால் அந்தப் பதில் இவ்வளவு நேரடியாகத் தைத்திருக்காது. ஓக்கிக்கு இந்தப் பாட்டில் நம்பிக்கையே இல்லை. அதனால்தான் ஆல்பத்தின் கடைசி இடம் அதற்குப் போனது, சிங்கிளாக வெளியிடவும் அவர் தயங்கினார். 1981 கிறிஸ்துமஸில் பிரிட்டனில் முதலிடம், 1982இல் அமெரிக்காவிலும் முதலிடம்.

அந்த ஒரு பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டாம் பக்கத்தை 'கெட் கார்ட்டர்' முதல் வரிசை மாற்றாமல் கேளுங்கள். கென்னடி கொலையைப் பற்றிய 'செகண்ட்ஸ்' அங்கே வரும் அழுத்தம் ஷஃபிளில் கிடைக்காது. ஒவ்வொரு வரியையும் பிரித்துக் கேட்க விரும்புகிறவர்களுக்கு 1982இல் ரஷன்ட் இதே பாட்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கிய 'லவ் அண்ட் டான்சிங்' இருக்கிறது. குரல் பெரும்பாலும் விலகிவிடுவதால் பேஸின் கேட் டைம் எவ்வளவு என்று காதாலேயே அளந்துவிடலாம்.